நராச்சியும் மாரிக்குப்பமும்

பெங்களூரிலிருந்து பங்காருப்பேட்டை வழியாக வரும் ரயிலுக்கு மாரிக்குப்பம்தான் கடைசி நிலையம். இறங்கி நடந்தால் துருப்பிடித்த ஷாப்ட் கோபுரங்களும், சுரங்கக் கம்பெனி வரிசை வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளும், அவற்றுக்குப் பின்னால் புல்கூடச் சரியாக ஒட்டாத வெளிறிய மேடுகளும் தெரியும். அந்த மேடுகளை ஊர்க்காரர்கள் சைனைட் மலை என்கிறார்கள். பூமிக்கடியிலிருந்து ஏற்றிய கல்லை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய மண் அது. மொத்தம் 13 மேடுகள், மூன்று கோடி டன்னுக்கு மேல்.

இந்த மண்ணை நாடு முழுக்கத் திரையில் பார்த்திருக்கிறது. 2018 டிசம்பர் 21 அன்று வெளியான ‘கே.ஜி.எஃப்: சாப்டர் 1’ படத்தின் முக்கியமான காட்சிகள் இங்கேதான் எடுக்கப்பட்டன. பிரசாந்த் நீல் இயக்கி யாஷ் நடித்த அந்தக் கன்னடப் படமும், 2022 ஏப்ரல் 14இல் வந்த இரண்டாம் பாகமும் தமிழ், தெலுங்கு, இந்தி, மலையாளம் என்று எல்லா மொழியிலும் ஓடின. இரண்டாம் பாகத்தின் வசூல் ஆயிரம் கோடியைத் தாண்டியது. அதுவரை கோலார் தங்கவயல் என்றொரு ஊர் இருப்பதையே அறியாதவர்கள் கே.ஜி.எஃப். என்ற மூன்று எழுத்தைச் சொல்லத் தொடங்கினார்கள். சொன்னவர்கள் மனதில் இருந்தது படத்தின் நாயகன் ராக்கியின் முகம். ஊரின் முகம் அல்ல.

படத்தின் கதை தெரிந்ததுதான். மைசூரில் வறுமையில் வாடும் ஒரு தாய், சாகும்போது பணக்காரனாகத்தான் சாக வேண்டும் என்று பத்து வயது மகனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு கண்ணை மூடுகிறாள். பையன் பம்பாய்க்கு ஓடுகிறான், தங்கக் கடத்தல்காரர்களிடம் அடியாளாகிறான், ராக்கி ஆகிறான். நராச்சி என்ற ரகசியச் சுரங்கத்தின் வாரிசான கருடனைக் கொல்ல அனுப்பப்படுகிறான். அடிமைகளோடு அடிமையாக உள்ளே நுழைந்து, கருடனின் தலையைக் கொய்து, அந்த இடத்துக்கே எஜமான் ஆகிறான். இரண்டாம் பாகத்தில் பேரரசனாகி, நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்து சுட்டு, கடைசியில் சேர்த்த தங்கத்தோடு கடலில் மூழ்குகிறான்.

இதில் பாராட்ட நிறைய இருக்கிறது. புவன் கௌடாவின் கேமரா கரியையும் நெருப்பையும் தவிர வேறு நிறமே உலகில் இல்லை என்று நம்பவைக்கிறது. ரவி பஸ்ரூரின் இசை நெஞ்சுக்குள் இறங்கி இடிக்கிறது. முதல் படத்துக்குச் சண்டைக் காட்சிகளுக்காகவும் கிராஃபிக்ஸுக்காகவும் தேசிய விருது கிடைத்தது நியாயமே. கதையை நேராகச் சொல்லாமல், அரசு தடை செய்த ஒரு புத்தகத்தை எழுதிய முதிய பத்திரிகையாளரின் வாய் வழியாகச் சொன்னதும் நல்ல உத்தி. நடந்தது எது, ஊர் சொல்லிச் சொல்லிப் பெருக்கியது எது என்ற கோட்டை அது வேண்டுமென்றே அழிக்கிறது. வில்லனின் கோட்டைக்குள் கையில் ஒன்றுமில்லாமல் நுழையும் இரண்டாம் பாதியில் படம் உண்மையாகவே மூச்சைப் பிடிக்கிறது.

குறைகளும் சிறியவை அல்ல. ரத்தம் ஓர் அளவுக்கு மேல் போனதும் உறைப்பதில்லை. பத்தாவது ஆள் விழும்போது பார்க்கிறவருக்கு ஒன்றுமே தோன்றுவதில்லை. நாயகியை நாயகன் வலுக்கட்டாயமாகத் தன் இடத்தில் அடைத்துவைக்கிறான், அதைக் காதல் என்று நம்பச் சொல்கிறது படம். எல்லாவற்றையும் விடப் பெரிய குறை நராச்சியின் மக்கள். ஆயிரக்கணக்கில் கூட்டமாக நிற்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு சொந்த ஊர் இல்லை, பேச்சு இல்லை, நினைவு இல்லை. அடி வாங்குகிறார்கள், அழுகிறார்கள், ஒருவன் வந்து காப்பாற்றட்டும் என்று காத்திருக்கிறார்கள். வந்ததும் அவன் பெயரைச் சொல்லிக் கோஷம் போடுகிறார்கள்.

கற்பனைக் கதைக்கு அந்த உரிமை உண்டு. சுரங்கத்துக்கு நராச்சி என்று பெயர் வைத்ததும் அதனால்தான். ஆனால் படத்தின் தலைப்பில் இருப்பது நிஜமான ஊரின் பெயர். அந்த ஊருக்கு ஏழையின் எழுச்சி பற்றி வேறொரு வரலாறு இருக்கிறது. அதில் கோடரியும் இல்லை, மெஷின் கன்னும் இல்லை. வன்முறைக்கு மட்டும் குறைவில்லை.

திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்தபின் மைசூரின் கிழக்கு எல்லையை அளக்க ஜான் வாரன் என்ற படை அதிகாரி அனுப்பப்பட்டார். கோலார்ப் பக்கம் மண்ணில் தங்கம் கிடைக்கிறது என்று அவர் காதில் விழுந்தது. 1802இல், தங்கம் எடுத்துக் காட்டுபவர்களுக்குச் சன்மானம் உண்டு என்று அறிவித்தார். கிராமத்தார் மாட்டு வண்டிகளில் மண்ணைக் கொண்டுவந்து, அவர் கண்முன்னேயே அலசிப் பொடித் தங்கத்தைக் காட்டினார்கள். உரிகம், மாரிக்குப்பம் பகுதிகளில் பறையர் சமூகத்தார் குழி தோண்டிக் கல் எடுப்பதையும் வாரன் பார்த்து எழுதிவைத்தார். குழிக்குள் ஆங்காங்கே நிற்பவர்கள் கூடையைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்புவார்கள். மேலே பெண்கள் கல்லைப் பாறையில் வைத்து இடித்துத் தூளாக்கி அலசுவார்கள். அதாவது வெள்ளைக்காரன் ‘கண்டுபிடிக்கும்’ முன்பே அந்தத் தங்கத்தின் இருப்பிடமும் அதை எடுக்கும் வித்தையும் அறிந்தவர்கள் அங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். படத்தில் இரண்டே வரியில் முடிந்துபோகும் விஷயம் இது: 1951இல் ஒருநாள் தங்கம் கிடைத்தது, அதே நாளில் ராக்கி பிறந்தான்.

வாரனின் அறிக்கை பல பத்தாண்டுகள் தூங்கியது. அதைத் தட்டி எழுப்பியவர் மைக்கேல் ஃபிட்ஜெரால்டு லவெல். அயர்லாந்துக்காரர், நியூசிலாந்தில் மவோரி மக்களுக்கு எதிரான போரில் இருந்துவிட்டுப் பெங்களூரில் ஓய்வாகத் தங்கியவர். பழைய அறிக்கை ஒன்றைப் படித்த உற்சாகத்தில் 1871இல் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கோலாருக்குக் கிளம்பினார். நாலு ஆண்டு அலைந்து, 1875இல் மைசூர் அரசிடம் சுரங்க உரிமம் வாங்கினார். கையில் பணம் போதவில்லை; உரிமம் கைமாறியது. பெங்களூரின் பணக்காரத் தெருக்களில் ஒன்று இன்றும் லவெல் ரோடு என்று அவர் பெயரில் இருக்கிறது.

1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்தது. ஆரம்பத்தில் அவர்களுக்கும் கை கடித்தது. மைசூர் மைன் பங்குதாரர்கள் போதும் என்று கைவிடும் நிலைக்கு வந்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் பணத்தையும் போட்டுப் பார்த்துவிடலாம் என்று டெய்லர் வற்புறுத்தியதால் தோண்டல் தொடர்ந்தது. 1880களின் நடுவில் தட்டுப்பட்டது சாம்பியன் ரீஃப் என்னும் தங்க நரம்பு. அதன்பின் சாம்பியன் ரீஃப், மைசூர், நந்திதுர்க், உரிகம் என்று சுரங்கங்கள் வரிசையாக எழுந்தன. டன் கல்லுக்கு 47 கிராம் வரை தங்கம் கிடைத்த காலம் அது. 120 ஆண்டுகளில் இந்தப் பூமி கொடுத்த தங்கம் ஏறத்தாழ 800 டன்.

தங்கம் போன திசை லண்டன். மைசூர் அரசுக்கு 5 சதவீத ராயல்டி. அந்த ராயல்டிக்காகவே மைசூர் அரசு கம்பெனிக்கு எதையும் செய்து கொடுக்கத் தயாராக இருந்தது. 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து ரயில் கிளை வந்தது; இன்றைய பங்காருப்பேட்டைதான் அது. பாலாற்றின் குறுக்கே பேதமங்கலம் ஏரியிலிருந்து தண்ணீர் வந்தது. 1902 ஜூன் மாதம் காவிரியின் சிவனசமுத்திர அருவியில் மின்சாரம் எடுத்து, 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துச் சுரங்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். உலகத்தின் மிக நீளமான மின்பாதைகளில் ஒன்று அன்று அது. பெங்களூர் நகரத்துக்கு மின்விளக்கு வர இன்னும் மூன்று ஆண்டு பாக்கி இருந்தது. திவான் சேஷாத்திரி ஐயர் போட்ட திட்டம். நிறைவேறும் முன்பே அவர் காலமாகிவிட்டார்.

காவிரி மின்சாரம் கொடுத்தது, பாலாறு தண்ணீர் கொடுத்தது. அதே பாலாறு பாயும் வட ஆர்க்காடு ஆட்களைக் கொடுத்தது.

வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்தவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். 1876இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தின் நினைவு மாறாத தலைமுறை. நிலமில்லை, பண்ணையாரின் கட்டளை இருந்தது, சேரி இருந்தது. சுரங்கத்தில் சாவு நிச்சயமில்லை, கூலி நிச்சயம்; அதுவும் நெல்லாக அல்ல, காசாக. மேஸ்திரி முன்பணம் கொடுத்து ஆள் திரட்டினான், அந்தக் கடன் காலைச் சுற்றிக்கொண்டது. வந்தவர்கள் மூங்கில் தட்டி வேய்ந்த குடிசைகளில் தங்கினார்கள். நுழைவதற்கே குனிய வேண்டிய குடிசைகள். கொஞ்ச தூரத்தில் கம்பெனி அதிகாரிகளின் பங்களாக்கள், 1885இல் தொடங்கிய கே.ஜி.எஃப். கிளப், கோல்ஃப் மைதானம். குளிர்ந்த காற்றும் இந்தப் பங்களாக்களும் சேர்ந்து ஊருக்கு ‘லிட்டில் இங்கிலாந்து’ என்ற பெயரை வாங்கிக் கொடுத்தன. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதித் தகரச் சுரங்கங்கள் நொடித்துப்போனதால் வேலை தேடி வந்த வெள்ளைக்காரச் சுரங்கத் தொழிலாளர்கள் இங்கே மேற்பார்வையாளர்கள் ஆனார்கள். இத்தாலியர்கள் இருந்தார்கள், ஆங்கிலோ இந்தியர்கள் இருந்தார்கள், காவலுக்குப் பஞ்சாபிகள் இருந்தார்கள். கூலியும் வீடும் மரியாதையும் அந்த வரிசைப்படியே இறங்கின. வரிசையின் அடியில் இருந்தவர்தான் பூமியின் அடிக்கும் இறங்கினார்.

அடி என்றால் எவ்வளவு அடி? சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3,000 மீட்டரையும் தாண்டியது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. கேஜ் என்னும் இரும்புக் கூண்டில் ஆட்களை அடைத்து இறக்குவார்கள். அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். குளிரூட்டிய காற்றை மேலிருந்து அனுப்பிய பிறகும் கோவணத்தோடுதான் நிற்க முடியும். அதைவிடப் பயம் பாறை வெடிப்பு. மேலே இரண்டு மூன்று கிலோமீட்டர் பாறையின் பாரம். நடுவில் கல்லைக் குடைந்து எடுத்த வெற்றிடம். அழுத்தம் தாங்காத பாறை எந்த அறிகுறியும் இல்லாமல் பீரங்கிபோல் வெடித்துச் சிதறும். ‘ஏர் பிளாஸ்ட்’ என்று அதற்குப் பெயர். அதிர்ச்சி தரைக்கு ஏறி வரும், வீடுகளில் பாத்திரம் உருளும். அடுப்படியில் இருக்கும் பெண்கள் போட்டது போட்டபடி ஷாப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். கேஜில் யார் ஏறி வருகிறார்கள் என்று பார்த்து நிற்பார்கள். ராக்கியின் அம்மா பாத்திரத்தை எழுதியவர்கள் அந்த வாசலில் நின்ற ஒரு பெண்ணையாவது படத்துக்குள் அழைத்துவந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

வெடிப்பில் தப்பியவரைத் தூசி பிடித்தது. குவார்ட்ஸ் கல்லைத் துளையிடும்போது பறக்கும் நுண்ணிய துகள் நுரையீரலில் படிந்து அதைக் கல்லாக்கும். சிலிக்கோசிஸ். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் முறையாகப் பதிவானதே கோலாரில்தான். 1940களில் பரிசோதிக்கப்பட்ட 7,653 தொழிலாளர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இந்த நோய் இருந்தது. வலுவான ஆள் நாற்பது வயதில் நாலு படி ஏற முடியாமல் உட்கார்ந்துவிடுவார். திரையில் கருடன் ஒரே வெட்டில் தலையை எடுக்கிறான். நிஜத்தில் பத்து, பதினைந்து ஆண்டுக் கொலை இது. கத்தி ஏந்திய கை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பிரசாந்த் நீலின் படத்தில் காற்றெல்லாம் தூசியாக இருக்கிறது. ஒருவர்கூட இருமுவதில்லை.

காவல் கோபுரமும் சாட்டையும் இங்கே இல்லாமல் இல்லை. அவை சட்டத்தின் உருவில் இருந்தன. 1897இல் மைசூர் அரசு சுரங்கங்களுக்கென்றே ஒரு சட்டம் போட்டது. தங்கம் கலந்த கல்லோ பொடியோ ஒருவரிடம் அகப்பட்டால், அது எப்படி வந்தது என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். குடிசைகளைச் சோதனை போட்டார்கள், வேலை முடிந்து வருபவர்களின் உடலைச் சோதனை போட்டார்கள். பாட்டன் காலத்தில் பறையர்கள் கூடையில் அள்ளி அலசிய அதே மண்ணைப் பேரன் கையில் வைத்திருந்தால் திருடன்.

இங்கேதான் படத்தின் கதையும் ஊரின் கதையும் முற்றாகப் பிரிகின்றன. நராச்சியின் மக்கள் ஒருவனுக்காகக் காத்திருந்தார்கள். மாரிக்குப்பத்தின் மக்கள் படிக்கத் தொடங்கினார்கள்.

பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியது 1907இல். அதே 1907இல் மாரிக்குப்பத்தில் தென்னிந்திய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை தொடங்கப்பட்டது. சுரங்கத்தில் கூலி வேலை செய்தவர்களின் காசில் இதழ் ஓடியது, பள்ளிகள் நடந்தன, பௌத்த விழாக்கள் நடந்தன. பண்டிதர் 1914இல் மறைந்தபின் அவருடைய சிந்தனையை அணையாமல் காத்ததில் தங்கவயலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஜி. அப்பாதுரையார் போன்றவர்கள் இங்கிருந்து எழுதினார்கள், ‘தமிழன்’ இதழை மீண்டும் கொண்டுவந்தார்கள். சாம்பியன் ரீஃப்பின் சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. அவை இல்லாவிட்டால் இன்றைய தமிழ் ஆய்வாளர்களுக்கு அயோத்திதாசர் இந்த அளவு கிடைத்திருப்பாரா என்பது சந்தேகம். பகலில் 2,000 மீட்டர் ஆழத்தில் கல் உடைத்தவர் மாலையில் மேலே வந்து குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கூட்டத்தில் உட்கார்ந்து தன் முன்னோர் யார் என்று வாதிடுவதைக் கற்பனை செய்து பார்க்கலாம். தமிழ் நவீனத்தின் வரலாற்றில் இதற்கு இணையான காட்சிகள் அதிகமில்லை.

படித்தவர்கள் கேள்வி கேட்டார்கள். 1930இல் ஒவ்வொரு தொழிலாளியின் கைரேகையையும் எடுத்துப் பதிவு செய்யக் கம்பெனி முனைந்தது. கைரேகை என்பது குற்றவாளிகளிடம் எடுப்பது. நாங்கள் குற்றவாளிகள் அல்ல என்று ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். அவர்களுக்கு அப்போது முறையான தொழிற்சங்கம்கூடக் கிடையாது. கம்பெனி திட்டத்தைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. கூலி உயர்வுக்காக அல்ல, மானத்துக்காக நடந்த போராட்டம் என்பதால் இது தனித்து நிற்கிறது.

1940களில் கே.எஸ். வாசன், வி.எம். கோவிந்தன் போன்ற கம்யூனிஸ்டுகள் சங்கம் கட்டினார்கள். 1946இல் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. அந்த ஆண்டு நவம்பர் மாதம் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களுக்குத் தங்கவயலில் நினைவுச் சின்னம் இருக்கிறது, ஆண்டுதோறும் கூடி வணங்குகிறார்கள். 1950களின் தேர்தல்களில் கம்யூனிஸ்ட் கட்சிக்காரரும், அம்பேத்கர் தொடங்கிய ஷெட்யூல்டு காஸ்ட் ஃபெடரேஷன்காரரும் இங்கிருந்து மைசூர் சட்டமன்றத்துக்குப் போனார்கள்.

ராக்கி பிறந்ததாகப் படம் சொல்லும் 1951இல் நிஜமான கே.ஜி.எஃப். இப்படித்தான் இருந்தது. சங்கம் வைத்து, துப்பாக்கியை எதிர்கொண்டு, கைரேகைத் திட்டத்தைக் கிழித்து, தன் ஆட்களைச் சட்டமன்றத்துக்கு அனுப்பத் தயாரான ஊர். படம் அந்த இடத்தில் வாயில்லா அடிமைகளை நிறுத்தியது. வன்முறை மிகுதி என்பது படத்தைப் பற்றி எல்லோரும் சொன்ன குறை. அந்த ரத்தத்தைவிட வருத்தம் தருவது இந்த மறதிதான்.

படம் வேறொரு வரலாற்றுக்கு நெருக்கமாக இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அது கோலாரின் வரலாறு அல்ல, பம்பாயின் வரலாறு. 1960களில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன, 1968இல் சட்டமாயின, 1990 வரை நீடித்தன. தங்கத்தின் மீது நாட்டுக்கு இருந்த ஆசையைச் சட்டம் தடுக்க முடியவில்லை. அது கடல் வழியாகப் பிஸ்கட் பிஸ்கட்டாக வந்திறங்கியது. அந்தத் தொழிலில் கொடிகட்டியவர் ஹாஜி மஸ்தான். இராமநாதபுரம் பக்கத்துப் பனைக்குளத்தில் பிறந்து, பம்பாய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கி, பிறகு வெள்ளை உடையும் வெள்ளைக் காருமாக வலம்வந்தவர். 1975இல் அமிதாப் பச்சன் நடித்த ‘தீவார்’ படத்தில் அவர் வாழ்க்கையின் சாயல் இருக்கிறது. தூத்துக்குடியில் பிறந்து பம்பாய் ரயில் நிலையத்தில் சுமை தூக்கிய வரதராஜ முதலியாரின் சாயல் 1987இல் மணிரத்னத்தின் ‘நாயகன்’ ஆனது. துறைமுகம், தங்கம், தாய், தனி ஒருவனின் கோபம் என்ற அந்த அச்சைத்தான் ‘கே.ஜி.எஃப்.’ எடுத்துப் பல மடங்கு பெரிதாக்கியது. ‘தீவார்’ நாயகனுக்கு ஒரு தம்பி இருந்தான், ‘நாயகன்’ வேலு நாயக்கருக்கு ஒரு மகள் இருந்தாள். நீ செய்வது சரியா என்று வீட்டுக்குள்ளேயே கேட்கும் குரல்கள். ராக்கியிடம் அப்படி உரக்கக் கேட்க வீட்டில் யாருமில்லை. சுற்றியிருப்பவர்கள் வியக்கிறார்கள், பயப்படுகிறார்கள், அல்லது சாகிறார்கள். கேள்வி கேட்க ஆளில்லாத வளர்ச்சிக் கதை கடைசியில் களைப்பைத்தான் தருகிறது.

ஊர் வரலாற்றின் மிச்சம் சுருக்கமானது. 1956 நவம்பரில் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962இல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. எடுத்த தங்கத்தை உள்நாட்டுச் சந்தை விலைக்கு விற்க விடாமல் குறைந்த சர்வதேச விலைக்கு அரசே வாங்கிக்கொண்டதால், கணக்குப் புத்தகத்தில் சுரங்கம் நஷ்டத்தில் ஓடியது. இந்தக் காலத்தில் நடந்த ஓர் அருமையான காரியத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1965இல் சாம்பியன் ரீஃப்பில் ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள், ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளோடு சேர்ந்து, காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயத்தை முதன்முதலாகக் கண்ட குழுக்களில் ஒன்றாக ஆனார்கள். அவ்வளவு பாறை மேலே இருந்தால்தான் மற்றத் துகள்கள் வடிகட்டப்படும். வட ஆர்க்காட்டுக்காரர்கள் தங்கத்துக்காகத் தோண்டிய குழி இயற்பியலுக்கும் உதவியது.

கடைசிக் காலத்தில் டன்னுக்கு மூன்று கிராம்கூடத் தேறவில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. ஒருகாலத்தில் முப்பதாயிரம் பேருக்கு வேலை கொடுத்த இடத்தில் அன்று மிஞ்சியிருந்தவர்கள் நாலாயிரத்துக்கும் குறைவு. பம்புகள் நின்றன. மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குத் தலைமுறை தலைமுறையாகத் தோண்டிய வழிகளில் தண்ணீர் ஏறிக்கொண்டது. பிள்ளைகள் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள். விடியுமுன் கிளம்பி இருட்டியபின் திரும்புகிற வாழ்க்கை. பாட்டன் சூரியனைப் பார்க்காமல் ஷாப்டுக்குள் இறங்கியதுபோலத்தான் பேரனும் மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் ஏறுகிறான்.

2024 ஆகஸ்ட் 15 அன்று பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ வந்தது. வட ஆர்க்காட்டிலிருந்து தங்கம் தேடிப் போனவர்களை அவர்களுடைய சாதியோடும் தெய்வங்களோடும் பௌத்த நினைவோடும் திரைக்குக் கொண்டுவந்த படம். விக்ரம் உடலை உருக்கி நடித்திருந்தார். பின்பாதியில் மாயமும் கனவும் கலந்து கதை சிக்கிக்கொள்கிறது என்று சொன்னவர்கள் உண்டு, அதில் உண்மையும் உண்டு. ஆனாலும் கூட்டத்தில் நின்ற முகங்களுக்கு அது பெயர் வைத்தது. 1930இன் கைரேகைப் போராட்டத்தையும், 1946இன் ஆறு பேரையும், சித்தார்த்தா புத்தகசாலையின் அச்சு எந்திரத்தையும் இன்னும் யாரும் படமாக்கவில்லை.

‘கே.ஜி.எஃப்.’ இரண்டாம் பாகம் தயாராகிக்கொண்டிருந்த 2019இல், சைனைட் மலையில் படப்பிடிப்பு நடப்பதால் சுற்றுச்சூழல் கெடுகிறது என்று தங்கவயல் நீதிமன்றத்துக்கு ஒரு புகார் போனது. நீதிமன்றம் அங்கே படமெடுக்கச் சில நாள் தடை போட்டது. படக்குழு போய்விட்டது, மேடுகள் அங்கேயே இருக்கின்றன. கோடைக் காற்று அடிக்கும்போது அந்த வெளிறிய மண் கிளம்பி லைன் வீடுகளின் மேல் இறங்குகிறது. கொடியில் காயப்போட்ட துணியை அவசரமாக உள்ளே எடுத்து, தண்ணீர்ப் பானையை மூடி, பெண்கள் கதவைச் சாத்துகிறார்கள்.